ஓரத்தில் எழுத்துப் போட்ட பேஸ்ட்டி

“பேஸ்ட்டி ஆறிப்போகுது, இந்த மனுஷனை இன்னும் காணோமே!”

இங்கிலாந்தின் கார்ன்வாலில், எங்கள் துறைமுகத்தில் பேஸ்ட்டிக் கடை வைத்திருக்கும் லவ்டே தினமும் மதியம் இப்படித்தான் கத்துவாள். மீன் பிடிக்கப் போன கணவன் ஜோரிக்கு, மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பேஸ்ட்டியின் ஓரத்தில் மாவாலேயே ‘ஜே’ என்று எழுதித் தனியாக வைத்திருப்பாள். எழுத்தில்லாத முனையிலிருந்து சாப்பிட்டால், மிச்சம் யாருடையது என்று தெரியும்.

போன மார்ச்சில் ஜோரியின் படகு திரும்பவில்லை. அவள் எழுத்துப் போடுவதையும் நிறுத்தவில்லை, கத்துவதையும் நிறுத்தவில்லை.

ஆகஸ்டில் கூட்டம் தாங்காமல் நான் உதவிக்குப் போனேன். அவசரத்தில் அந்தப் பேஸ்ட்டியை ஒரு வெளியூர்க்காரரிடம் கொடுத்துத் தொலைத்தேன். லவ்டே பின்னாலேயே ஓடினாள். அவர் எழுத்தைத்தான் முதலில் கடித்திருந்தார்.

“ஐயோ, அது என் வீட்டுக்காரருதுங்க!”

“மன்னிச்சுக்கம்மா, அவருக்கு வேற வாங்கித் தரேன். எப்ப வருவாரு?”

“வர மாட்டாருங்க” என்றாள். அதை அவள் வாயால் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

மறுநாளிலிருந்து எழுத்துமில்லை, கத்தலுமில்லை. என் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் வந்தால், நீங்களாவது அவள் கடைக்குப் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.