டபுள் மினார் சீட்டைத் தேடி மேல்விஷாரம் போன கதை

காஞ்சிபுரத்தில் ஒரு பால்காரரின் சைக்கிளில்தான் அந்தப் பெயரை முதலில் பார்த்தேன். கெட்டித் தோல் சீட். அதன் பின்பக்கத்தில் இரண்டு மினார்கள், கீழே 'டபுள் மினார், மேல்விஷாரம்' என்று ஆங்கிலத்தில் அழுத்தியிருந்தது. ஒரு காலத்தில் கடைகடையாகத் தொங்கிவிட்டு இன்று பெயர்கூட மறந்துபோன சைக்கிள்கள், பெல்கள், டைனமோக்கள் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதிவருவது உங்களுக்குத் தெரியும். சீட்டின் படத்தைப் போட்டு, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து இம்தியாஸ் என்பவரிடமிருந்து செய்தி வந்தது. அது அவருடைய மாமனாரின் பிராண்டாம். தோலை அழுத்தி வடிக்கும் பிரஸ், அச்சு, விற்காமல் நின்ற சீட்டுகள் எல்லாம் ஒரு ஷெட்டில் அப்படியே இருக்கின்றனவாம். "வெள்ளிக்கிழமை வாங்க அக்கா, மாமாவே தொறந்து காட்டுவாரு" என்று எழுதியிருந்தார். பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

சென்னையிலிருந்து காலை ரயிலில் வாலாஜா ரோடு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ராணிப்பேட்டை முத்துக்கடைக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். எதற்குப் போகிறேன் என்று ஆட்டோக்காரர் கேட்டார். சொன்னேன்.

"சைக்கிள் சீட்டா? இன்னா மேடம், சைக்கிளே ஓட்றதில்ல, சீட்ட வச்சி இன்னா பண்ணுவீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முத்துக்கடையில் வேலூர் பஸ் பிடித்தால், பாலாற்றுப் பாலம் தாண்டி, ஆற்காடு வழியாக அரை மணி நேரத்தில் மேல்விஷாரம். டிக்கெட் பதினைந்து ரூபாய்.

ஷெட் வாசலில் இம்தியாஸின் மாமனார் காதர் பாய் காத்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, அத்தர் வாசனை. ஜும்ஆ தொழுகைக்காக உடுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இம்தியாஸ், முப்பத்தைந்து வயதிருக்கும், போனை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, சாவியைத் திருப்பி, காதர் பாய் தன் கையாலேயே திறந்தார். உள்ளே ஒரு ஆள் உயரத்துக்குப் பிரஸ், மர அச்சுகள், சுவரெல்லாம் வரிசையாக மாட்டிய சீட்டுகள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துத் தள்ளினேன். பித்தளையில் வெட்டிய இரட்டை மினார் முத்திரை ஒன்றைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். நல்ல கனம்.

"லூதியானாக்காரன் ரெக்சின் போட்டு பாதி விலைக்குக் குடுத்தான். கடைக்காரங்க எல்லாம் அங்க போய்ட்டாங்க. எங்கிட்டயும் ரெக்சின் போடச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். எம்பேர்ல ரெக்சினா?" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "மாசத்துக்கு எவ்ளோ வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "கெடச்சா எல்லாமே வேணும் பாய்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இம்தியாஸ் போனிலிருந்து தலையைத் தூக்கி ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

பன்னிரண்டரைக்குத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "நீங்க போங்க மாமா, நான் பூட்டிட்டுப் பின்னாடியே வர்றேன்" என்று சாவியை இம்தியாஸ் வாங்கிக்கொண்டார். அடுத்த தெருவில் இருந்த அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. காதர் பாயின் மகள், இம்தியாஸின் மனைவி ஷபானா பரிமாறினார். அதிகம் பேசவில்லை. நான் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று பிரியாணியை வைத்தார். அது முடிந்ததும் இனிப்புக்குப் பிர்னி, பிறகு டீ. அன்பான உபசரிப்பு என்று இங்கே எழுதுவதற்கு மனதுக்குள் வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

தொழுகை முடித்துச் சாப்பிட வந்த காதர் பாயும் நானும் இரண்டரை மணிக்கு ஷெட்டுக்குத் திரும்பினோம். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பிரஸ் நின்ற இடத்தில் சதுரமாக ஒரு கறுப்புக் கறை. சுவரில் வெறும் ஆணிகள்.

"திங்கக்கெழம ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவங்க வாடகைக்கு வர்றாங்க மாமா. அட்வான்ஸ் வாங்கிட்டேன். மூணு வருஷமா சொல்றேன், நீங்க கேக்கல. வாடகை வந்தாதான் வீடு ஓடும்" என்றார் உள்ளே நின்றிருந்த இம்தியாஸ். குரலை உயர்த்தவில்லை.

காதர் பாய் என்னிடம்தான் திரும்பினார். "சீட் கம்பெனி ஆரம்பிக்கப் போறாங்க, பாக்க ஆள் வருதுன்னு இவன் சொன்னான். உங்கள நம்பித்தான் தொறந்தேன். நீங்களும் கூட்டா?"

இம்தியாஸை வெளியே கூப்பிட்டு, என்னை ஏன் இதில் இழுத்தீர்கள் என்று கேட்டேன். "வேற யாரு சொல்லியும் மாமா அந்தப் பூட்டத் தொறக்கல அக்கா. உங்களுக்கும் படம் கெடச்சுதில்ல?" என்றார்.

சரக்கு எங்கே போனது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாலாஜாபேட்டையில் இருந்த காயலான் கடைக்கு ஆட்டோவில் ஓடினேன். போகவர அறுநூறு ரூபாய். பிரஸ்ஸை அதற்குள் கேஸ் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டுகளிலிருந்து இரும்பைக் கழற்றிவிட்டுத் தோலை ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். பித்தளைக் குவியலில் முத்திரை கிடைத்தது. கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு மேல்விஷாரம் திரும்பினேன்.

காதர் பாய் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முத்திரையை நீட்டினேன். கையில் வாங்கவில்லை.

"உங்க கம்பெனிக்கே எடுத்துட்டுப் போங்க."

"எனக்குக் கம்பெனி எதுவும் இல்ல பாய். சும்மா எழுதறவ."

"வாங்கறதுக்கு வரல. விக்கறதுக்கும் வரல. அப்போ எதுக்கும்மா வந்தீங்க?"

அவர் திட்டியிருந்தால் தேவலை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஷபானா உள்ளே கதவோரம் நின்றிருந்தார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்திரை என் பையிலேயே சென்னைக்கு வந்தது.

இதுபோல் தேடிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மேல்விஷாரத்துக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம், மதியம் கடைகளை மூடிவிடுவார்கள். திரும்புவதற்கு ஆற்காட்டிலிருந்து சென்னைக்கு நேரடி பஸ் நிறைய உண்டு. உங்களைக் கூப்பிடுகிறவர் யார், பொருள் யாருடையது என்று கேளுங்கள். இரண்டும் வேறு ஆள் என்றால், பொருளுக்கு உரியவரிடம் நீங்களே போனில் பேசுங்கள். எதுவும் வாங்க வரவில்லை, பார்த்துப் படம் எடுக்கத்தான் வருகிறேன் என்று அவர் பூட்டில் சாவியைப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டால் பாதிப் பேர் திறக்க மாட்டார்கள். திறக்காமலே இருக்கட்டும். நான் எடுத்த நாற்பது படங்களில் ஒன்றைக்கூட இங்கே போடவில்லை.

போன வாரம் இம்தியாஸிடமிருந்து மறுபடி ஒரு செய்தி.

"அக்கா, நம்ம தோஸ்த்தோட மாமனார் ஒருத்தர் இருக்காரு. டைனமோ கம்பெனி வச்சிருந்தாராம். ஷெட்டப் பூட்டி வச்சிக்கிட்டு யாருக்கும் தொறக்க மாட்டேன்றாரு. நீங்க எப்போ வர்றீங்க?"