பாலத்து நிறுத்தத்துக்கு வந்த பேர்

அந்த பஸ் கண்டக்டருக்குச் 'சங்கு' என்று பட்டப்பேர். நிறுத்தம் வருவதற்கு முன்பே அவர் கொடுக்கும் குரலில், தூங்குகிறவன் மட்டுமல்ல, தூங்குவதுபோல் நடிக்கிறவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஆனால் பாலத்தடி நிறுத்தம் வந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். ஒரு விசில், அவ்வளவுதான்.

காரணம், அந்த நிறுத்தத்துக்கு ஆற்றின் பேர். அதே பேரில் சங்கு பிறந்த ஊரிலும் ஓர் ஆறு ஓடுகிறது. சிறுவயதில் அதன் வெள்ளத்தில் இவரைக் கரைக்குத் தள்ளிவிட்ட பெரியண்ணன், தான் கரையேறவே இல்லை. இந்த ஆறு வேறு, அந்த ஆறு வேறு என்று சங்குக்குத் தெரியாதா என்ன? நாக்குக்குத்தான் தெரியவில்லை, பாவம்.

ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பேரைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆளாளுக்கு ஒரு கதை. யாரோ ராணியின் பேர் என்று டிரைவர் அடித்துவிட்டார்.

"ராணியும் இல்ல, மந்திரியும் இல்ல," என்றார் வாத்தியார் ஒருவர். "பழைய பாஷையில தண்ணின்னு அர்த்தம். இது என்னன்னு வெளியூர்லேர்ந்து வந்தவன் கேட்டிருப்பான், தண்ணின்னு சொல்லியிருப்பாங்க. அதான் அங்கங்க அதே பேர்ல ஆறு ஓடுது."

"வெறும் தண்ணிதான் சார்," என்று சொல்லிவிட்டுச் சங்கு பின்படிக்குப் போய்விட்டார்.

டெலிபோன் ஆபீஸுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஓர் அக்காவுக்குக் கண் தெரியாது. பாலத்தடியில் இறங்க வேண்டியவர், முதல் நாளே பேர் காதில் விழாமல் டெப்போ வரைக்கும் போய்விட்டார்.

"காதை நம்பித்தானே ஏறினேன் தம்பி? எல்லா ஸ்டாப்பையும் சொன்னீங்க. என் ஸ்டாப் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

சங்குக்கு உடம்பெல்லாம் கூசியது. அங்கேயே நின்று, யாரிடமும் சொல்லாததை அவரிடம் கொட்டிவிட்டார். அக்கா அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் எனக்கு இதே பஸ்தான். அந்தப் பேர் வரலைன்னா விடுங்க. வாயில வர்றதைக் கத்துங்க, நான் இறங்கிக்கிறேன்."

மறுநாள் பாலம் நெருங்கியது. சங்கு மூச்சை இழுத்துப் பிடித்தார். சிறுவயதில் அந்த வெள்ளக் கரையில் நின்று கத்திய கத்தல்தான் வந்தது.

"பெரியண்ணே!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா தடியை ஊன்றி எழுந்தார்.

"வந்துட்டேன் தம்பி," என்று சொல்லி இறங்கினார்.

அதிலிருந்து தினமும் அதே குரல்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. வருஷம் ஓட ஓட, "பெரியண்ணே ரெண்டு குடுங்க" என்று டிக்கெட்டே கேட்க ஆரம்பித்தார்கள். ஆற்றின் பேர் பலகையில் மட்டும் மிச்சமிருந்தது.

ஊருக்குப் புதுசான ஒரு பெண் டிக்கெட்டை வாங்கிக்கொண்டே கேட்டாள். "யாருங்க அந்தப் பெரியண்ணன்? பெரிய ஆளா?"

டிரைவர் புது ராணிக் கதைக்குத் தொண்டையைக் கனைத்தார். சங்கு முந்திக்கொண்டார்.

"எங்கண்ணன்மா. நல்லா நீந்துவாரு."