டீச்சர் பேசாத வாரம்

பல்கீஸ் டீச்சருக்குத் தொண்டை கட்டி இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை. காரைக்குடி டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்றார். விடுப்பெல்லாம் தீர்ந்திருந்ததால், திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் கல்லலுக்குப் பக்கத்திலுள்ள தன் பள்ளிக்குப் போனார். இரண்டாம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள்.

தலைமையாசிரியை வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனதும், பல்கீஸ் கரும்பலகையில் "எழுந்து நில்" என்று எழுதினார். ஐந்து பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுந்தார்கள். "மூக்கைத் தொடு" என்று எழுதியபோதும் அப்படித்தான்.

தினமும் பாடத்தைச் சத்தமாக வாசித்த பிள்ளைகள் இவர்கள். தன் குரலைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பதினாறு வருஷமாக இது தெரியாமல் இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஆளுக்கொரு சீட்டில் வெவ்வேறு வேலையை எழுதிக் கொடுத்தார். பார்த்துச் செய்ய வழியில்லாமல் பிள்ளைகள் விரல் வைத்து எழுத்துக்கூட்டினார்கள். புதன்கிழமை நித்யஸ்ரீ தன் சீட்டோடு வெகுநேரம் நின்றாள். தோழி தீக்ஷா எட்டிப் பார்த்துச் சொல்ல வந்தாள்.

"நீ சொல்லாத. டீச்சரே பேசாம இருக்காக. நானே படிச்சுக்கிறேன்" என்றாள் நித்யஸ்ரீ. கொஞ்ச நேரம் கழித்துப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு பேர் தாமாகப் படித்தார்கள். எட்டுப் பேருக்கு எழுத்தே பிடிபடவில்லை. குரல் திரும்பிய அடுத்த வாரம், அந்த எட்டுப் பேரையும் தன் பக்கத்தில் உட்காரவைத்து, பல்கீஸ் 'அ'விலிருந்து தொடங்கினார்.