பெயர் போடாத தப்புகள்

சனிக்கிழமை நல்லம்பள்ளியில் பயிற்சி என்ற அறிவிப்பு நம் கணித ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அடுத்த செய்தியே, வளர்மதி மேடம் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்பது. இரண்டுக்கும் கீழே ஒரே கும்பிடு படத்தைப் போட்டோம். நானும்தான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மேடம் மொரப்பூர் பக்கம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். நான் பொறியியல் முடித்துவிட்டு ஆசிரியரானவன். முதல்முறை பயிற்சி கொடுக்க நின்றபோது, திரையில் வட்டத்தைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து மேடம் எழுந்தார்.

"வட்டம் நல்லா சுத்துதுங்க சார். எங்க ஸ்கூல் பொண்ணு ஒண்ணு இப்படி எழுதியிருக்குது. இதுக்கு என்னங்க பண்றது?"

ஒன்பதையும் பதினாறையும் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். விடை ஐந்து. அந்த மாணவி தனித்தனியாக மூலம் எடுத்து, மூன்றும் நான்கும் ஏழு என்று முடித்திருந்தாள்.

"கவனக்குறைவு மேடம். தப்புன்னு சொல்லிட்டுப் போங்க."

"பதினஞ்சு வருசமா அதைத்தாங்க சொல்லிட்டிருக்கேன்."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பெருக்கலா இருந்தா இப்படிப் பிரிக்கலாமில்லீங்க? அங்க சரியா வந்ததை இங்கயும் செஞ்சிருக்குது. எங்க நிறுத்தணும்னு நாமதான் சொல்லல."



அதன்பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு மணி நேரம் கேட்டுச் சண்டை பிடித்தார். மாணவர்களின் தவறான விடைகளைப் பெயரை மறைத்து நகலெடுத்து, ஒரு கட்டாகக் கொண்டுவருவார். ஏன் இப்படி எழுதினார்கள் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். "டீ ஆறுதுங்க மேடம், விடுங்க" என்று கத்தியவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருக்கிறீர்கள். கடைசியில் கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதுவோம். அவர் மட்டும் 'எனக்குப் புரியாதவை' என்று தொடங்கிப் பக்கத்தை நிரப்புவார்.

காரிமங்கலத்தில் ஒருநாள் பலகையில் x² = 5x என்று எழுதினேன். அவசரம். இருபக்கமும் x-ஆல் வகுத்து, விடை ஐந்து என்று முடித்தேன். பூஜ்ஜியமும் ஒரு விடை, அதைத் தொலைத்துவிட்டேன். அத்தனை ஆசிரியர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். இடைவேளையில் மேடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"அதை அப்படியே எழுதிக் குடுங்க சார், கட்டுல சேத்துக்கறேன். பேரு போடமாட்டேன், பயப்படாதீங்க."

நேற்று ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "மேடந்தான் இல்லீங்களே. அந்த ஒரு மணி நேரம் வீடியோ போட்டுரலாங்களா?"

"வேணாங்க. நான் எடுக்கறேன்."

மேடத்தின் கணவரிடம் கேட்டு அந்தக் கட்டை வாங்கி வந்திருக்கிறேன். மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். சனிக்கிழமை முதலில் எடுக்கப்போவது காரிமங்கலத்தில் நான் எழுதிக் கொடுத்த தாள். மேலே என் பெயரை எழுதிவிட்டேன்.