மார்கழியில் நான் தூங்கிய தூக்கம்

பிறந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து தூக்கம்தான். இராஜபாளையத்தில் வெயில் முற்றத்தில் இறங்கி முகத்தில் சுட்ட பிறகே எழுந்திருப்பேன். யாராவது எழுப்ப வந்தால், "தூங்குற பிள்ளைய எழுப்பாதிய. போற வீட்டுல யாரு இவளத் தூங்க விடப் போறா?" என்று அப்பா தடுத்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மார்கழியிலேயே அவர் சொன்னதன் அருமை புரிந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. எங்கள் பக்கம் ரயில் வராத காலம்.

என் கணவருக்கு ஒரே தங்கை, என்னைவிட ஒரு வயது இளையவள். அந்நாளில் பதினாறு வயதுப் பெண் கல்யாணமாகாமல் இருந்தால் ஊரே அந்த வீட்டைக் கேள்வி கேட்கும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப் பூவைச் செருகுவார்கள். பையனைப் பெற்றவர்கள் விடியலில் கோயிலுக்கு நடக்கும்போது எந்த வாசலில் பூ இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எங்கள் வாசலில் இரண்டு மார்கழி பூ வைத்தும் ஒருவரும் படியேறவில்லை. மூன்றாவது மார்கழிக்கு நான் வந்து சேர்ந்தேன்.

தன் கல்யாணத்துக்குப் பெண் தானே பூ வைப்பது வெட்கக்கேடு என்பது என் மாமியாரின் சட்டம். அதனால் அந்த வேலை மருமகள் தலையில் விழுந்தது. இரவு கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தால், கண் மூடியதும் கதவுச் சங்கிலி சத்தம் கேட்கும். "ஏட்டி, எந்திரி. விடியப் போகுது" என்று சொல்லிவிட்டு மாமியார் கோயிலுக்குப் போய்விடுவார். விடிவதற்கு இன்னும் எம்புட்டு நேரம் இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

முதல் வாரம் வீறாப்பில் ஓடியது. இரண்டாம் வாரம் நான் நானாக இல்லை. அடுக்களைக்குள் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்பேன். அரிசி களைந்த நீரை வைத்துக்கொண்டு அரிசியை மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். என் கணவர் மோர் புளிக்கிறது என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்கு அரை நாள் அழுதேன். ஒரு சீப்புக்காக நாத்தனாரோடு சண்டை போட்டு, பொறவு அந்தச் சீப்பு என் தலையிலேயே இருந்ததைக் கண்டுபிடித்தேன். ஒரு துக்க வீட்டில் அழுகிற பெண்களோடு கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். புது மருமகளுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று தெருவெல்லாம் பேச்சு. தூக்கத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அது.

மாதம் பாதி ஆனபோது மாமியார் ஒரு செய்தி கொண்டுவந்தார். கூமாப்பட்டியில் தோப்பும் துரவுமாக வாழும் ஒரு குடும்பம் மகனுக்குப் பெண் தேடுகிறதாம். மறுநாள் காலை நம் தெரு வழியாகக் கோயிலுக்கு வருகிறார்களாம். "நாளைக்குப் பூ நல்லாப் பெருசாப் பாத்து வையி. அவிய கண்ணுல படணும்" என்றார். நாத்தனார் அன்று மட்டும் இரண்டு தரம் முகம் கழுவினாள்.

தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அன்று எனக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. விடியலில் கோலத்தைப் போட்டு முடித்தேன். தெருக்கோடி வேலியில் படர்ந்த கொடியில் பெரிய பூவாகப் பறித்து வந்தேன். ஐந்து உருண்டை, ஐந்து பூ. வைத்துவிட்டு உள்ளே வந்து, உரலில் செத்த நேரம் சாய்ந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் இல்லை.

விழித்தபோது மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கூமாப்பட்டிக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார்கள். அங்கே பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இன்னும் பூவே வைக்கத் தொடங்கவில்லை. "நம்ம வாசல்ல அம்புட்டுப் பெரிய பூ இருந்தும் பாக்காமத் தாண்டிப் போயிட்டாவளே. இவ ராசி அப்படி" என்று மகளைக் காட்டிப் புலம்பினார். எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசலில் ஐந்து பூவும் இருந்தன. நாத்தனார் தலை குனிந்து வாசல்படியில் நின்றாள். தை பிறந்ததும் பக்கத்து வீட்டில் வெற்றிலை மாற்றினார்கள்.

கூமாப்பட்டிக்காரர்கள் வந்துபோன மறுநாளிலிருந்தே வீட்டில் ஒரு மாற்றம். மாமியார் கோயிலுக்குக் கிளம்பியதும் நாத்தனார் என் கையிலிருந்து கோலப்பொடிச் சிரட்டையை வாங்கிக்கொள்வாள். "நீ படு மதினி. நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். தன் கல்யாணத்துக்குத் தானே பூ வைத்தாள். நான் வெட்கமில்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டேன். நாலைந்து நாளில் மனுஷியானேன். மோர் புளித்தாலும் சிரித்தேன்.

தினம் வைத்த பூ உருண்டைகளை வெயிலேறியதும் எருவாகத் தட்டிக் காயவைத்து, பொங்கல் கழிந்து பெண்பிள்ளைகள் வைக்கும் சிறுவீட்டுப் பொங்கலன்று கண்மாயில் விடுவது வழக்கம். அன்று நாங்கள் இருவரும் கூடையோடு கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டோம். நடுவில் ஐந்து எருக்கள் என் கைக்கு வந்தன. அடியெல்லாம் சிவப்பாகக் காவி ஒட்டியிருந்தது. எங்கள் வாசலில் நாங்கள் காவி இட்டதே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தினமும் கோலத்தைச் சுற்றிக் காவிப் பட்டை இடுவார்கள்.

ஒரே சுவரை ஒட்டிய, ஒரே மாதிரி வீடுகள். பூப்பறித்துத் திரும்பிய நான் தூக்கக் கலக்கத்தில் பக்கத்து வாசலில் வைத்துவிட்டேன். வந்தவர்கள் அதைப் பார்த்து உள்ளே போன பொறவு, நாத்தனார் அவற்றை அள்ளி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

கையிலிருந்த எருவை அவளிடம் நீட்டினேன். "ஏட்டி, உனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"உங்க அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல. உன் ராசின்னு அம்புட்டுப் பேச்சு கேட்டியே."

அவள் எருவை வாங்கித் தண்ணீரில் விட்டாள். "உரல்ல சாஞ்சு தூங்கிட்டு இருந்த, மதினி. பாக்கப் பாவமா இருந்துச்சு. எனக்குப் பேச்சு கேட்டுப் பழக்கம், உனக்குப் பழக்கம் இல்லையே" என்றாள்.

நான் அன்று போல என்றும் அழுததில்லை. மாமியாரிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் அவர் சாகும்வரை எனக்கு வரவில்லை.

மேலும் இரண்டு வருஷம் கழித்து அவளை ஆலங்குளத்துப் பக்கம் கொடுத்தார்கள். மழையை நம்பிய கரிசல் காடு. விடியுமுன்னே எழுந்து தூரத்துக் கிணற்றுக்குப் போனால்தான் வீட்டுக்குத் தண்ணீர். எப்போதாவது என் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட இடத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். குழந்தைகள் சத்தம் போட்டால் அடித்து விரட்டுவேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது என்னை எழுப்ப யாருமில்லை. ஆனாலும் மார்கழி வந்தால் சங்கிலிச் சத்தம் கேட்டதுபோல விழித்துக்கொள்கிறேன், பிறகு தூக்கம் வருவதில்லை. அந்த வருஷம் போர்வைக்குள் நான் தூங்கிய அரை மாதத் தூக்கமும் அவளுடையதுதான்.