மதாம் ரொசாலியும் லா சப்பல் ‘வேம்பும்’

மதாம் ரொசாலி காலமான செய்தியைக் குகன்தான் தொலைபேசியில் சொன்னார். “அண்ணை, மதாம் மோசம் போயிட்டா. நித்திரையிலையாம்.” வலி இருந்ததா என்று கேட்டேன். இல்லையாம். மகள் பக்கத்து அறையில் இருந்திருக்கிறார். அவருடைய நோயை அறிந்த நாங்கள் எல்லோரும் இந்தச் சில மாதங்களாக வலி மிகுந்த வேறொரு முடிவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். அது நடக்கவில்லை. எனக்குத் துக்கத்துக்கு முன்னால் வந்தது ஆறுதல்தான்.

புதுச்சேரியில் பிறந்து பாரிஸில் மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் தமிழ் வாரப் பத்திரிகையில் மூலிகைப் பக்கத்தை எழுதினார். ஏதாவது ஒன்றை “நல்லது” என்று எழுதினால், யாருக்கு நல்லது, எப்போது நல்லது என்று அடுத்த வரியிலேயே எழுதிவிடுவார். அதனால் அவருடைய பக்கம் எப்போதும் இடத்தை மீறும்.

ஒரு கோடைப் பிற்பகல் அவர் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார். லா சப்பல் பகுதியில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் குடியிருக்கும், உணவகமொன்றில் சமையல் வேலை செய்யும் குகன் கையில் பையோடு வந்தார். “அண்ணை, லா சப்பலிலை வேம்பு நிக்குது. பேப்பரிலை போடுங்கோ,” என்றார். ரயில் பாதை வேலியோரம் கண்டாராம். கடித்துப் பார்த்தாராம், கைத்ததாம். நான் உடனே பேனாவை எடுத்து, எந்தப் பக்கத்து வேலி என்று கேட்டேன்.

மதாம் பையில் இருந்த கொப்பைப் பார்க்கவில்லை. குகனுடைய கையைப் பார்த்தார். முழங்கை வரை சிவந்து, சிறு கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அதற்கும் குகனிடம் விளக்கம் இருந்தது. மகளுக்கு அம்மாள் வந்திருக்கிறது, தனக்கும் வரப்போகிறதாக்கும் என்றார். வேப்பிலையை வாசலில் கட்டியாயிற்று, மிச்சத்தை மனைவி மஞ்சளோடு அரைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

“பிள்ளை மேல பூசியாச்சா?” என்று கேட்டார் மதாம்.

குகனுக்குத் தெரியவில்லை. மனைவிக்கு அழைத்தார், எடுக்கவில்லை. மதாம் அதற்குள் எழுந்து கைப்பையை மாட்டியிருந்தார்.

போகும் வழியில், மூச்சு வாங்க வாங்க, அவர் விவரம் சொன்னார். அது வேம்பு இல்லை. வேம்பு இந்த ஊரில் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாங்காது. இது சீனத்து மரம், அழகுக்காக ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது. வேப்பிலையின் ஓரம் முழுக்க வாள்போல் பல் இருக்கும். இதன் இலையின் அடியில் மட்டும் ஒன்றிரண்டு மொட்டைப் பல், ஒவ்வொன்றிலும் ஒரு சுரப்பி. கசப்பு இரண்டிலும் உண்டு. ஆனால் இதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் வெந்துபோகும். கீறிப் புண்ணான பிள்ளையின் உடம்பில் பூசினால் கேட்கவே வேண்டாம் என்றார். குகன் எங்களை விட்டுவிட்டு ஓடினார்.

மின்தூக்கி இல்லாத கட்டடம், நான்காம் மாடி. முழங்கால் வலிக்காரரான மதாம் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. குசினி மேசையில் கிண்ணம் நிறைய மஞ்சள்பச்சை விழுது இருந்தது. குகனின் மனைவி வதனி கோபமாக நின்றார்.

“இவள் கிட்டவும் விடுறாளில்லை மதாம். மணக்குதாம். குளியலறைக்குள்ளை பூட்டிக்கொண்டு நிக்கிறாள். எவ்வளவு நேரமா மன்றாடுறன்.”

உள்ளேயிருந்து ஆறு வயதுக் குரல், அது அழுகின கச்சான் கடலை போல நாறுகிறது என்று பிரெஞ்சில் கத்தியது. மதாம் அங்கே சப்பாத்துகள் வைக்கும் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “நாம எல்லாரும் படிச்சு என்ன? இவ மூக்கு எனக்கு வேலையே வெக்கல.”

குகனைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைத்தார். வாசல் கொப்பை அவிழ்த்தால் அம்மாள் கோபிப்பாவே என்று வதனி தயங்கினார். ஞாயிறு தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகும் மதாம் சொன்னார்: “வேப்பிலை கட்டுங்க. ஆனா அது வேப்பிலையா இருக்கணும்.” கடையில் இறக்குமதி இலை கிடைக்கும் என்று என்னை அனுப்பினார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் மருத்துவரிடம் போகச் சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது குகனின் பதற்றம் தணிந்திருந்தது. “அப்ப அந்த மரமும் எங்களைப்போலை அகதியோ மதாம்?” என்றார்.

“அகதி இல்லப்பா. எங்க புதுச்சேரி ஆளுங்க மாதிரி, பப்பியேவோட, காயிதமெல்லாம் சரியா வச்சிக்கிட்டு வந்தது.”

அந்த வாரக் கட்டுரையில் நான் ‘விஷமரம்’ என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்தார். “மரத்தைத் திட்டாதீங்க தம்பி. சீன வைத்தியர்கள் இதோட பட்டையைக் காயவச்சு வயித்துக்கடுப்புக்குக் குடுத்திருக்காங்க. எந்தப் பாகம், என்ன நோவு, எவ்வளவு, இது தெரியாம பேரை மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தா அது மருந்து இல்ல.” அப்படியே போட்டோம். கட்டுரை வந்ததும், அந்தப் பட்டையை எங்கே உரிக்கலாம் என்று கேட்டுச் சில வாசகர்கள் அழைத்தார்கள். தலையில் கை வைத்துக்கொண்டு, யாரும் உரிக்க வேண்டாம் என்று அடுத்த வாரமும் எழுதினார்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய படிப்பை நினைவில் வைத்திருப்பார்கள். அது நியாயம்தான். நான் வைத்திருப்பது அந்தச் சப்பாத்துப் பெட்டிமேல் இருந்து கேட்ட சிரிப்பை. காப்பாற்ற வந்த இடத்தில் காப்பாற்ற எதுவுமில்லை. அவ்வளவு மாடி ஏறிவந்தது வீண். தான் தேவைப்படாமல் போனதற்காக அப்படி மகிழ்ந்த இன்னொருவரை நான் கண்டதில்லை.