இடது சில்லின் பூட்டு

முள்ளிக்குளத்துக் கடற்கரையில் தார் வீதி முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் பெனடிக்ற் பிக்கப்பை நிறுத்துவார். இறங்கி, வலது முன் சில்லின் நடுவில் இருக்கிற குமிழைத் திருப்பிப் பூட்டுவார். சுற்றிப் போய் இடதையும் பூட்டுவார். பூட்டினால்தான் நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். இல்லாவிட்டால் மணல் வண்டியை விழுங்கிவிடும். பிறகு ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருப்பார். பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவி மார்த்தா இடது கையை வெளியே விட்டுக் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

முன்பெல்லாம் இடது சில்லு மார்த்தாவின் பொறுப்பு. பூட்டிவிட்டு மட்கார்டில் இரண்டு தட்டு. "என்ர பக்கம் பூட்டியாச்சு. நீங்கள் பூட்டினியளோ, சும்மா தடவிப்போட்டு ஏறிட்டியளோ?" ஒருமுறை பெனடிக்ற் உண்மையிலேயே மறந்துவிட்டார். அலை வந்து சில்லை நனைக்கும்வரை இருவரும் மண் தோண்டினார்கள். "இதையும் பாவசங்கீர்த்தனத்தில சொல்லுங்கோ" என்று மார்த்தா வருசக்கணக்காகச் சொல்லிக் காட்டினார். போன மாரியில் பாரிசவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கியது. அதன்பின் பெனடிக்ற் விலாவுக்கு ஒரு தலையணை வைத்து, தன் பழைய சாரத் துணியால் இருக்கையோடு அணைத்துக் கட்டி அழைத்து வருகிறார்.

மீன் வாங்கி மன்னார்ச் சந்தைக்குக் கொண்டுபோவது தொழில். ஆனாலும் சட்டைப்பையில் எப்போதும் சீப்பு இருக்கும். கரையில் மீனவரின் ஓலைக் கொட்டில்கள், அந்த வாடி, கண்ணில் பட்டதும் தலை இழுத்துக்கொள்வார். மன்னார்த் தெருவில் கழுதைகள் மறித்தால் ஹோன் அடிக்கமாட்டார். தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் விலகுங்கோ, மகாராசா" என்பார். மார்த்தாவின் முகத்தில் பாதி சிரிக்கும்.

வள்ளங்களருகே வண்டி நின்றதும் வாடிப் பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு மார்த்தாவின் யன்னலுக்கு வருவார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் குறைந்துபோனார்கள். அவருக்கு மனிதர் என்று மிஞ்சியது அந்த யன்னலடிதான்.

"அக்கா, உங்கட மனுசன் இண்டைக்கும் தலை இழுத்துக்கொண்டெல்லோ வந்திருக்கிறார். ஆரைப் பாக்கவாம்?" என்பாள் இந்திராதேவி.

"உன்...னை" என்பார் மார்த்தா. யன்னலடி குலுங்கிச் சிரிக்கும்.

வண்டிக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம் தொடங்கியது. மெக்கானிக் றஊப் கீழே படுத்துப் பார்த்தார். முன் சில்லுகளுக்கு இழுவையைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டின் மூட்டு தேய்ந்திருந்தது.

"கழட்டிவிடுங்கோ அண்ணை. ஓட்டத்தில விழுந்துதெண்டா நிலத்தில குத்தி வண்டியைப் புரட்டிப்போடும். அக்காவைக் கட்டிவைச்சுக்கொண்டெல்லோ ஓடுறியள்."

"புதுசு ஒண்டு போடேலாதோ?"

"உந்த மொடலுக்குக் கொழும்பிலயும் சாமான் இல்லை. பின் சில்லு இழுத்தாக் காணும், தாரில ஓடலாம். மணலுக்க மட்டும் இறக்காதையுங்கோ."

"பாப்பம்" என்று பெனடிக்ற் நாளைக் கடத்தினார். சைக்கிள்காரர் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார். ஒருநாள் நானாட்டான் வீதியில் சத்தம் பெருத்தபோது, மார்த்தா இடது கையால் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டதைக் கண்டார். அவரை வீட்டில் இறக்கிவிட்டு நேரே றஊப்பிடம் போனார்.

தண்டைக் கழற்றிய றஊப், சில்லுக் குமிழ்களிலும் கை வைத்தார்.

"அது கிடக்கட்டும்."

"இனி எதைப் பூட்டப்போறியள் அண்ணை?"

"கிடக்கட்டும் எண்டுறன்."

மறுநாள் வண்டி சத்தமில்லாமல் ஓடியது.

"சத்...தம்?" என்றார் மார்த்தா.

"றஊப் எண்ணெய் விட்டவன்."



தார் முடிகிற இடத்தில் வண்டி நின்றது. கீழே வள்ளங்களுக்குப் பக்கத்தில் இந்திராதேவி எழும்பிக் கையைக் கழுவுவது தெரிந்தது. பெனடிக்ற் இறங்கி வலது குமிழைத் திருப்பினார். சுற்றிப் போய், மார்த்தா பார்த்துக்கொண்டிருக்க, இடதையும் திருப்பினார். ஏறினார்.

"மணல் இளகிக் கிடக்கு இண்டைக்கு" என்றார், முன்னே பார்த்தபடி.

 பிறகு மார்த்தா இடது கையை வெளியே விட்டுக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பெனடிக்ற் தாரிலேயே எஞ்சினை நிறுத்தினார்.